தோண்ட முடியாத தெரு

ரோடு போடுகிற பிரிவும் ரோட்டைத் தோண்டுகிற பிரிவும் ஒன்றையொன்று முகம் கொடுத்துப் பேசாது என்பது எந்த ஊரிலும் உள்ளதுதான். ஒருவர் போட்டுவிட்டுப் போன சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் கடப்பாரையோடு வந்து நிற்பார். ஆனால் இந்த இரண்டு பிரிவும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற கொடுமை சாம்பல் மேடத்துக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது.

அவளுக்கு வேலை நகராட்சி ரோடு பிரிவின் லேபில். ஜல்லியோ மண்ணோ தாரோ, எது வந்தாலும் நசுக்கிப் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று எழுதித் தர வேண்டும். அவள் கணவர் குடிநீர்ப் பிரிவில் குழாய் மேஸ்திரி. எங்கே கசிந்தாலும் தோண்டிப் பார்ப்பார். கசியாவிட்டால், ஏன் கசியவில்லை என்று தோண்டிப் பார்ப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அவள் 'தேறியது' என்று கையெழுத்துப் போட்ட ரோடுகளில் அவர் கை வைக்காதது ஒன்றே ஒன்றுதான். அதன் அடியில் குழாய் கிடையாது.

ஊருக்கு வெளியே ஆலைக் கொதிகலன்கள் தள்ளிய சாம்பல் குன்று மாதிரி குவிந்து கிடந்தது. காற்றடித்தால் கொடியில் காய்கிற துணியெல்லாம் நரைத்துவிடும். அந்தச் சாம்பலில் சுண்ணாம்பும் ஜல்லிப்பொடியும் தண்ணீரும் கலந்து ரோலரை ஓட்டினால் போதும், தாருக்கு அடியில் போடுகிற ஜல்லிக்குப் பதிலாகக் கல் போல இறுகிக்கொள்ளும் என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி 'சாம்பல் மேடம்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம். அவள் கொடுத்த ஃபைல் மேலே போகும், கீழே வரும். ஒரு தடவை ஜன்னல் ஆடாமல் இருக்க அதை மடித்துச் செருகியிருந்ததையும் கண்ணால் பார்த்தாள்.

கடைசியில் அனுமதி கிடைத்தது அவள் பேச்சுத் திறமையால் அல்ல. மூன்று வாரமாக ஜல்லி லாரி வரவில்லை, அவ்வளவுதான். பெரிய இன்ஜினியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நூறு மீட்டர் தர்றேன். இருபத்தெட்டாம் நாள் தோண்டி எடுத்துப் பார்ப்போம். தேறுச்சுன்னா உங்க சாம்பல், உங்க ராஜ்யம். தேறலைன்னா மொத்தத்தையும் பேத்து எடுத்துட்டு ஜல்லி போட்டுடுவேன். நீங்க தபால் பிரிவுக்குப் போயிடணும். சம்மதமா?"

தபால் பிரிவு என்றால் ஜன்னலில்லாத அறை. நாள் முழுக்கத் தேதி முத்திரை குத்த வேண்டும். அங்கே போன யாரும் லேபுக்குத் திரும்பி வந்ததில்லை. சம்மதம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

எந்தத் தெருவில் போடுவது? கேட்ட தெருவெல்லாம் 'எங்களைப் பார்த்தா குப்பைமேடு மாதிரி இருக்கா' என்று விரட்டியது. கடைசியில் அவள் தெருவே அகப்பட்டது. அதைத்தான் போன மாதம் மேஸ்திரி ஒரு கசிவைத் தேடி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிளறிப் போட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அங்கே ரோடு என்று ஒன்று மிச்சமில்லை.

வீட்டில் முதல் எதிர்ப்பு மாமியாரிடமிருந்து வந்தது.

"நாப்பது வருஷமா இந்த சாம்பலைத் துடைச்சுத் துடைச்சு என் கை ரேகை அழிஞ்சு போச்சு. வாசலுக்கு வெளிய நிக்கிற சனியனை நீ வண்டி வெச்சுக் கூட்டிட்டு வர்றியா?"

"அத்தை, ரோட்டுக்குள்ள போயிடுச்சுன்னா அப்புறம் பறக்காது."

"பாக்கறேன், பாக்கறேன்" என்றாள் மாமியார். அவள் பார்க்கிறேன் என்றால் சும்மா விடமாட்டாள் என்று அர்த்தம்.

போடுகிற நாள் வந்தது. லேப் கணக்குப்படி நூறு கூடை சாம்பலுக்கு ஆறு கூடை சுண்ணாம்பு. பதினொரு வருஷம் திரும்பத் திரும்பச் செய்து பார்த்த கணக்கு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் பெரிய இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றதும் அந்தக் கணக்கு மேலேயே சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கலவைக்காரரிடம், "இன்னும் ஒரு கூடை போடுங்க" என்றாள். அடுத்த கலவைக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. ரோலர் கடைசி ஓட்டம் ஓடி முடிந்தபோது ஆறு பன்னிரண்டாகியிருந்தது. ரிப்போர்ட்டில் ஆறு என்றே எழுதினாள். எழுதும்போது பேனா ஒரு விநாடி நின்றது. நின்றதே தவிர திருத்தவில்லை.

சாம்பல் நிறத்தில் மழமழவென்று நூறு மீட்டர். தார் போடுவது தேறிய பிறகுதான். அதுவரை இரு முனையிலும் தடுப்பு, வண்டிகளுக்குத் தடை, ஈரச் சாக்குப் போர்வை. தெருக்காரர்கள் பைக்கைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வரும்போதெல்லாம் அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். வாழ்த்தாக இருக்க வாய்ப்பில்லை.

மறுநாள் காலையில் மாமியார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மழையுமில்லை, வெயிலுமில்லை. சாக்கை விலக்கி, குடையின் இரும்பு நுனியை ரோட்டில் வைத்து, தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். திரும்பி வந்து எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தாள்.

"ரெண்டு விரக்கடை இறங்குது."

அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே குடை, அதே எடை. லேபில் இதே வேலைக்குக் கூம்பு முனை வைத்த கருவி ஒன்று உண்டு. அது பழுதாகி இரண்டு வருஷமாகிறது. மேடம் வாயை மூடிக்கொண்டு மாமியார் சொல்வதைத் தன் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

போதாத காலம், அந்த மாதம் பார்த்துக் குளிர் வந்து உட்கார்ந்தது. சூரியன் பதினோரு மணிக்கு வந்து மூன்று மணிக்கே போனது. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுக வெதுவெதுப்பு வேண்டும். குளிரில் அது சோம்பேறியாகப் படுத்துக்கொள்ளும். இது அவளுக்குத் தெரியும். ஆனால் இருபத்தெட்டு நாளை ஒத்துக்கொண்டு வந்தவளும் அவள்தானே, யாரை நோவது?

இருபத்தெட்டாம் நாள் தெருவே திரண்டு நின்றது. துளைக்கிற இயந்திரம் ரோட்டிலிருந்து குழாய் வடிவில் ஒரு துண்டை வெளியே இழுத்தது. பெரிய இன்ஜினியர் அதைக் கையில் வாங்கினார். அது அவர் உள்ளங்கையில் ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டே போவது போல, பொலபொலவென்று உதிர்ந்து அவர் ஷூ மேல் கொட்டியது. கூட்டத்தில் யாரோ தும்மினார்கள்.

"பேத்து எடுத்துடலாம்" என்றார் அவர், ஷூவைப் பார்த்தபடி. "குழாய்ப் பிரிவுக்கு ஆர்டர் போடறேன். அவங்களுக்குத்தான் இதுல கை தேர்ந்திருக்கு."

ஆர்டர் மேஸ்திரி பெயருக்கே வந்தது. சாயங்காலம் அவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். மேடம் அதைத் தொடவில்லை.

"என்னங்க, இன்னும் முப்பது நாள் கிடைச்சா போதும். வெயில் வந்துரும். அது சாகல, தூங்குது, அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவா ஆரம்பிங்களேன்."

"நான் இதுவரைக்கும் ஒரு ஆர்டரையும் தள்ளிப் போட்டதில்ல."

"எனக்காகக் கூடவா?"

"வீடு வேற, வேலை வேற." சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷன் துணியில் ஒட்டிய சேற்றைத் துவைத்தவள் அவள். அவர் தோண்டிய ரோடுகளுக்காக அவள் பிரிவில் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமா நஞ்சமா? ஒரு மாதம் கேட்டால் வேலை வேறாம். அன்றைக்கு அவர் தட்டில் அவள் எதையும் இரண்டாம் தடவை பரிமாறவில்லை.

மறுநாள் காலை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். கையில் கடப்பாரைக்குப் பதிலாக ஒரு ஃபைல். தெருவில் ரோடு உடைக்கிற கம்பிரஸர் வண்டி வரவில்லை. மதியம் லேபுக்குத் தொலைபேசிப் பிரிவு எழுத்தரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பயம்.

"மேடம், உங்க வீட்டுக்காரர் உடம்புக்கு நல்லாத்தானே இருக்கார்?"

"ஏன்?"

"ரோட்டைத் தோண்டறதுக்கு எங்க அனுமதி வேணும்னு வந்து நிக்கறார். எங்க ஒயரை எத்தனை தடவை அறுத்திருக்கார், ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேங்கறார். எழுத்துல வேணுமாம்."

விஷயம் இதுதான். எந்த ரோட்டைத் தோண்டுவதானாலும் மின்சாரம், தொலைபேசி, எரிவாயு, கழிவுநீர், தெருவிளக்கு ஆகிய ஐந்து பிரிவுகளிடமும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நகராட்சி விதிப்புத்தகத்தில் இருக்கிறது. அதைக் கடைப்பிடித்தவர் யாருமில்லை. தோண்டிவிட்டு, எதையாவது அறுத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம். மேஸ்திரி முதல்முறையாக விதிப்படி நடக்கத் தொடங்கியிருந்தார்.

அது என்ன பாடு படுத்தியது என்கிறீர்கள்! தொலைபேசிப் பிரிவில் அந்தப் படிவமே இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அச்சடிக்கவில்லை. அதை வடிவமைக்க ஒன்பது நாள் ஆனது. எரிவாயுப் பிரிவு குழாய் வரைபடம் கேட்டது. குழாய் வரைபடம் மேஸ்திரியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதைக் காகிதத்தில் இறக்கப் பன்னிரண்டு நாள். கழிவுநீர் அதிகாரி நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். நேரிலும் வர மாட்டேன் என்று அதைவிடப் பிடிவாதம் பிடித்தார். தெருவிளக்குப் பிரிவு, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று வக்கீலைக் கலந்தது.

பெரிய இன்ஜினியர் இரண்டு தடவை மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கத்தினார். மேஸ்திரி இரண்டு தடவையும் விதிப்புத்தகத்தைப் பக்கம் விரித்து அவர் முன்னால் வைத்தார். அதன் கீழே பெரிய இன்ஜினியரின் கையெழுத்தே இருந்தது. மனுஷன் என்ன செய்வார், தண்ணீர் குடித்தார்.

இதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. மேடம் ஒரு நாள் மெதுவாக, "எனக்காகத்தானே?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு. அன்று அவர் தட்டு நிரம்பி வழிந்தது.

இடையில் வெயில் வந்துவிட்டது. குடை தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தது. நாற்பதாம் நாள், "அரை விரக்கடைதான்" என்றாள் மாமியார், ஏமாற்றமாக. ஐம்பத்தைந்தாம் நாள், "நுனி மட்டும் பதியுது." எழுபதாம் நாள், "கீறல்கூட விழல." எண்பத்திரண்டாம் நாள் வந்து குடையை மேஜையில் வைத்தாள். நுனி வளைந்திருந்தது.

"எனக்குப் புதுக் குடை வேணும்" என்றாள். குரலில் ஒரு பெருமை தெரிந்தது. அன்று மாலை தடுப்பைத் தாண்டி வண்டியை ஏற்றப் பார்த்த ஒருவனை, "இது எங்க வீட்டு ரோடு" என்று அவள் விரட்டியதை மேடம் ஜன்னலிலிருந்து கேட்டாள்.

ஐந்தாவது கையெழுத்து எண்பத்தொன்பதாம் நாள் வந்தது. தொண்ணூறாம் நாள் காலை பெரிய இன்ஜினியர் தானே நேரில் வந்து நின்றார். இனி எந்தப் புத்தகத்தையும் யாரும் விரிக்கக் கூடாது என்ற முகத்தோடு வந்திருந்தார். மேஸ்திரி கம்பிரஸரை ஓடவிட்டு, அதில் மாட்டிய பிரேக்கரின் உளியை ரோட்டில் ஊன்றினார்.

பிரேக்கர் துள்ளியது. மேஸ்திரியும் கூடவே துள்ளினார். ரோடு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் உளி இரண்டு முறிந்தது. கிடைத்த பலன் ஒரு சாஸர் அளவுக் குழி. அதில் தேநீர் ஊற்றிக் குடிக்கலாம், குழாயைத் தேட முடியாது.

பெரிய இன்ஜினியர் குனிந்து ரோட்டைத் தடவிப் பார்த்தார். துளைக்கிற இயந்திரத்தை வரச் சொன்னார். அது கதறிக்கொண்டே ஒரு துண்டை வெளியே எடுத்தது. இந்தத் துண்டு உதிரவில்லை. லேபுக்குக் கொண்டுபோய் நசுக்கியதில் வேண்டியதைப் போல மூன்று மடங்கு தாங்கியது. அவர் திரும்பி வரும்போதே ஆள் மாறியிருந்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் கூடியிருந்தவர்களிடம். "சாம்பல் நல்ல சரக்கு. மேடம், நீங்க லேப்லயே இருங்க. வெளிவட்டச் சாலை எட்டுக் கிலோமீட்டரும் இதே கலவைதான். அடுத்த வாரம் ஆரம்பிக்கலாம்."

பதினொரு வருஷம். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் பதினொரு வருஷம். மேடத்துக்குக் கண் நிறைந்தது. யாராவது கை தட்டமாட்டார்களா என்று இருந்தது.

அப்போது மாமியார் காலி வாளியோடு வாசலுக்கு வந்தாள். "குழாய்ல தண்ணி வரல."

எதிர்வீட்டுக்காரரும் தலையை நீட்டினார். அவர் வீட்டிலும் வரவில்லை. தெருக்கோடியில் ரோடு முடிகிற ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஓடிப் போய் மண்டியிட்டு ரோட்டில் காதை வைத்துக் கேட்டார். இப்படிக் காது வைத்து நகர்ந்து நகர்ந்து வந்து, தன் வீட்டுக்கு நேர் எதிரே நின்றுவிட்டார்.

"பழைய இரும்புக் குழாய். இரண்டு மணி நேர அதிர்வுல மூட்டு விட்டுப்போச்சு" என்றார். "இதுக்கு அடியில."

"சரி, தோண்டுங்க" என்றார் பெரிய இன்ஜினியர்.

மேஸ்திரி முறிந்த உளிகளைக் காட்டினார். "எதை வெச்சு சார்?"

தண்ணீர் மட்டும் சத்தம் போட்டது.

குழாய் பழசு, கலவை மேல் தப்பில்லை என்று பெரிய இன்ஜினியர் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லத் தொடங்கியிருந்தார். மேடத்தின் காதில் அது விழுந்தது, மனம் வேறெங்கோ ஓடியது. வெளிவட்டச் சாலைக்கு அடியில்தான் ஊருக்கே தண்ணீர் போகிற பெரிய குழாய். எட்டுக் கிலோமீட்டர், இதே பன்னிரண்டு கூடையோடு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ராஜ்யம் அவளுடையது. திறந்தால் தபால் பிரிவு. அவள் கணவரைப் பார்த்தாள். இரண்டு மணி நேரத் துள்ளலில் அவர் கை இன்னும் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"சார், அந்தக் கலவை வேண்டாம்" என்றாள். "ரிப்போர்ட்ல ஆறுன்னு எழுதியிருக்கேன். போட்டது பன்னிரண்டு. பயத்துல போட்டேன். ஆறே போதும், பதமா இறுகும், வேணும்னா தோண்டவும் முடியும். என் கணக்கை நானே நம்பல, அதான் தப்பு."

மூன்று மடங்கு தாங்குகிற ரோட்டைப் போட்டுவிட்டுத் தப்பு என்று நிற்பவளை எந்த விதியின் கீழ் தண்டிப்பது என்று பெரிய இன்ஜினியருக்குத் தெரியவில்லை போலும்.

"வெளிவட்டம் நிக்கட்டும்" என்றார் கடைசியில். "இன்னொரு நூறு மீட்டர். எழுதினதைப் போடுங்க, போட்டதை எழுதுங்க. எத்தனை நாள் வேணும்?"

"தொண்ணூறு சார்."

"சரி" என்று ஷூவைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

பக்கத்து ஊரிலிருந்து கல் அறுக்கிற ரம்பம் வந்தது. மேஸ்திரியும் நாலு பேரும் மாறி மாறி அறுத்து, உடைத்து, ஆள் இறங்குகிற ஒரு குழி போட இரண்டு முழு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தெருவுக்குத் தண்ணீர் லாரி. மேடம் லீவு போட்டுவிட்டு வீடு வீடாகக் குடம் தூக்கினாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டாம் நாள் மதியம் குழாய் சரியாகிவிட்டது. குழாய்க்குப் பக்கத்தில் மண்ணைப் போட்டு மிதித்தாகிவிட்டது. மேலே ரோட்டின் கனத்துக்குச் சாம்பல் கலவை நிரப்ப வேண்டியதுதான். மேஸ்திரி இடுப்பளவு குழிக்குள் நின்றிருந்தார். விளிம்பில் மேடம் கலவைத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். சாம்பல் அளந்தாகிவிட்டது. சுண்ணாம்புக் கூடையில் வைத்த கையை அப்படியே நிறுத்தினாள்.

"என்னங்க, எவ்வளவு கெட்டியா இருக்கணும்?"

"எது?"

"ரோடு. நீங்கதானே தோண்டறீங்க. எவ்வளவு கெட்டியா இருந்தா உங்களுக்குச் சரியா இருக்கும்?"

மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட இதைக் கேட்டதில்ல" என்றார்.

அவளும் கேட்டதில்லை. ஒரே கூரையின் கீழ் இருபத்திரண்டு வருஷம், ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது, வெட்கமாக இருந்தது.

"லாரி போனா அசையக் கூடாது" என்றார் அவர், யோசித்து யோசித்து. "ஆனா ஒரு ஆள் காலைல கடப்பாரை எடுத்தா, மதியச் சாப்பாட்டுக்குள்ள குழாயைப் பாத்துடணும்."

"எந்த ஆள்? உங்க பிரிவுல மல்யுத்தக்காரன் மாதிரி ஒருத்தர் இருக்காரே, அவரா, இல்ல நீங்களா?"

"நான்தான்" என்றார். பிறகு ஆடுகிற கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, "இப்ப இருக்கற நான் இல்ல. பத்து வருஷம் கழிச்சு, ரிடையர் ஆகறதுக்கு முதல் நாள் இருக்கற நான்" என்றார்.

மேடம் நோட்டை எடுத்து அதை அப்படியே தேதி போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு சுண்ணாம்பை ஆறு அளந்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், ஒன்றைத் திரும்பக் கூடையில் கொட்டினாள்.